வார்ப்பு டிரம் ஒசத்தி, தகடு டிரம் மட்டமா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டிரம்ஸ் வாசிக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஸ்னேர் டிரம்மில்தான் வந்து நிற்கும். அந்த நாலு பேரில் ஒருத்தர் இந்த வசனத்தைக் கட்டாயம் எடுத்து விடுவார். "காஸ்ட் ஷெல்னா அது தனி சவுண்டுப்பா... மத்ததெல்லாம் தகர டப்பா!"

மற்ற மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். அதில் ஒருத்தன் சர்ச் பேண்டில் வாசிக்கிற எஸ்டேட் பையனாக இருப்பான். பார்ட் டைம் வேலை பார்த்து, வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அவனுடைய தகடு ஸ்னேர் அன்றைக்கு ராத்திரியே அவனுக்குப் பிடிக்காமல் போய்விடும். "இன்னும் கொஞ்சம் சேர்த்து காஸ்ட் வாங்கிடணும்" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான். அந்தக் "கொஞ்சம்" பல மடங்கு என்பதுதான் கொடுமை.

இந்த வசனத்தில் பாதி தப்பு, மீதிப் பாதி வேறு ஏதோ ஒன்றைப் பற்றியது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், டிரம்ஸ் தெரியாதவர்களுக்காக. பேண்டு செட்டில் வாசிப்பவரின் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு "டக் டக்" என்று வெட்டுகிற சின்ன டிரம்தான் ஸ்னேர். மேலே ஒரு தோல், கீழே ஒரு மெல்லிய தோல். கீழ்த் தோலை ஒட்டி சுருள் கம்பிகள் ஓடும். அந்தக் கம்பிகள் தோலில் மோதி எழுப்பும் சரசரப்புதான் ஸ்னேரின் அடையாளம். இரண்டு தோலையும் தாங்கி நிற்கிற உருளைதான் ஷெல். அது மரமாகவும் இருக்கலாம், உலோகமாகவும் இருக்கலாம்.

உலோக ஷெல் செய்ய மூன்று வழி உண்டு. ஒன்று, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறிய பிறகு லேத்தில் கடைந்து எடுப்பது. இதுதான் வார்ப்பு. இரண்டாவது, தகட்டை உருளையாக வளைத்து, இரண்டு முனையையும் வெல்டிங் வைப்பது. மூன்றாவது வழியை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். தகட்டு வட்டை சுழலவிட்டு, அச்சின் மேல் அழுத்தி அழுத்தி, ஒட்டே இல்லாத உருளையாக இழுப்பது. இதுவும் தகடுதான், ஆனால் இதில் வெல்டிங் கிடையாது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கடையில் கிடைக்கிற வார்ப்பு ஷெல்லையும் தகடு ஷெல்லையும் பக்கத்தில் வைத்துத் தட்டினால் வித்தியாசம் கேட்குமா? தாராளமாகக் கேட்கும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் மாறியிருப்பது செய்முறை மட்டும்தானா?

தகடு ஷெல் பொதுவாக 1 மில்லிமீட்டர் சுற்றளவில் இருக்கும். வார்ப்பு ஷெல் 3 மில்லிமீட்டர், சிலது அதற்கும் மேல். 14 அங்குல விட்டம், ஆறரை அங்குல உயரம் உள்ள ஷெல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. பித்தளையில் செய்தால் வெறும் ஷெல் மட்டும் சுமார் 1.6 கிலோ. அதே அளவை 3 மி.மீ. வெண்கலத்தில் வார்த்தால் சுமார் 4.8 கிலோ. பள்ளிக்கூடக் கணக்குதான்... பரப்பளவு, கனம், அடர்த்தி மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சுவரின் தடிமன் மூன்று மடங்கானால் அதன் வளையாத தன்மை மூன்று மடங்கு ஆகாது, 27 மடங்கு ஆகும்.

எடை மூன்று மடங்கு, விறைப்பு 27 மடங்கு, உலோகமும் வேறு! இவ்வளவையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, கேட்கிற வித்தியாசம் முழுவதையும் "வார்ப்பு" என்கிற ஒரே வார்த்தையின் கணக்கில் வரவு வைத்தால் அது என்ன நியாயம்? பி.காம் முதல் வருஷப் பையன் ஒரு லெட்ஜரில் இப்படி எழுதினால் பேப்பரைத் திருத்துகிறவர் சிவப்பு மையில் சுழித்து விடுவார் :)

செய்முறையைத் தனியாகப் பிரித்தால் என்ன மிஞ்சுகிறது? ஒரு உலோகத்தில் ஒலி போகும் வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் அடர்த்தியும் மீள்தன்மைக் குணகமும். பித்தளையை வார்த்தாலும் உருட்டினாலும் இந்த இரண்டும் ஏறக்குறைய அதேதான். உருட்டும்போது உலோகம் கெட்டிப்படும், நசுங்குவதற்கும் கீறுவதற்கும் எதிர்ப்பு கூடும். விறைப்பு பெரிதாக மாறாது. வார்ப்பில் கூடுதலாக வருவது ஒன்று உண்டென்றால் அது ப்ளோ ஹோல். மலை இறங்கி கோயமுத்தூரில் எந்த பவுண்டரிக்காரரைக் கேட்டாலும் அந்தத் தலைவலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். வார்ப்பு என்பதாலேயே சுத்தம் என்று உலோகத் தொழிலில் யாருமே சொல்லமாட்டார்கள். டிரம் விற்கிற இடத்தில்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நீலகிரிக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் "எதை எதோடு எப்படி ஒப்பிடுவது" என்பதில் இந்த மலைக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? வரிசையாக ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். இதற்கென்று உலக அளவில் ஒரு தர வரையறையே இருக்கிறது. 1980ல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 படி 100 மில்லிக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊற வேண்டும். எதற்கு இத்தனை கெடுபிடி? தூளைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது என்பதற்குத்தான்! ஒரு கோப்பையில் 2 கிராமும் இன்னொன்றில் 6 கிராமும் போட்டுவிட்டு "ரெண்டாவது தோட்டம்தான் ஸ்ட்ராங்" என்று எவராவது சொன்னால் அவரை ஏலக்கூடத்துப் பக்கமே விடமாட்டார்கள். 1 மி.மீ. தகட்டையும் 3 மி.மீ. வார்ப்பையும் தட்டிவிட்டு "வார்ப்புதான் ஒசத்தி" என்பது அதே கதைதான். டீக்கு இருக்கிற நியாயம் டிரம்முக்கு ஏன் இல்லை?

(இதில் ஒரு தமாஷ். தேயிலையில் இலையை உருட்டிச் செய்கிற ஆர்த்தடாக்ஸ் தூளுக்குத்தான் மரியாதை. டிரம்மில் மட்டும் உருட்டினால் இளக்காரம்!)

அடுத்து, வழக்கமாக வருகிற எதிர்வாதங்கள்.

"கோயில் மணி, சர்ச் மணி எல்லாம் வார்ப்புதானே? வார்ப்பில்தானே நாதம் வரும்?"

மணியில் பாடுவது அதன் உடம்பு. அடி விழுவதும் உடம்பில்தான். டிரம்மில் அடி விழுவது தோலில், பாடுவதும் தோல். ஸ்னேரின் ஒலியியலை அளந்து ராஸிங்கும் சகாக்களும் 1992ல் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடி ஸ்தாயியில் கேட்கிற முதல் இரண்டு அதிர்வுகள், மேல்தோலும் கீழ்த்தோலும் நடுவில் உள்ள காற்றின் வழியாகக் கைகோத்து ஆடுவதால் வருபவை. ஷெல்லின் முக்கிய வேலை அந்த இரண்டு தோலையும் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது. கனத்த ஷெல் அந்த வேலையை இன்னும் உறுதியாகச் செய்யும், அதனால் சத்தம் கொஞ்சம் கூடும், ரீங்காரம் கொஞ்சம் நீளும். உண்மைதான். ஆனால் அது கனத்தின் குணம், வார்ப்பின் குணம் அல்ல. நம்ம ஊர் பம்பையையே பாருங்கள். ஜோடியில் ஒன்றுக்கு உலோக உடம்பு, மற்றதற்கு மர உடம்பு. அந்த வித்தியாசத்தை வாசிப்பவர்கள் ரசித்துப் பயன்படுத்துகிறார்கள். மரப் பம்பை மட்டம் என்று யாரும் தூக்கிப் போடவில்லையே!

"வெண்கலத்துக்கு ஈடு உண்டா? வெண்கலம்னா வார்ப்புதானே?"

இது கொஞ்சம் விஷயமுள்ள கேள்வி. மணி வெண்கலத்தில் செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. வெள்ளீயம் இவ்வளவு ஏறினால் உலோகம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சாதாரணத் தகடு போலக் குளிர்ச்சியாக உருட்ட முடியாது. அதனால்தான் அதில் டிரம் செய்கிறவர்கள் வார்க்கிறார்கள். வேறு சுலபமான வழி இல்லாததால் வார்க்கிறார்களே தவிர, வார்த்தால்தான் நாதம் என்பதற்காக அல்ல.

இதற்கு ஆதாரம் தேடி அமெரிக்கா போக வேண்டாம், நீலகிரி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இங்கே மலை உச்சிகளில் உள்ள பழைய கற்குவியல் கல்லறைகளைத் தோண்டினார். அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகு 1873ல் வந்தது. இந்தக் கல்லறைகளில் கிடைத்த பொருட்களில் அழகான, மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் உண்டு. உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் போன்றவர்கள் நீலகிரிக் கிண்ணங்களையும் ஆதிச்சநல்லூர்க் கலங்களையும் சோதித்துப் பார்த்ததில், அவை வெள்ளீயம் 20 சதவீதத்துக்கு மேல் கலந்த வெண்கலம் என்று தெரிந்தது. வார்த்து அப்படியே விட்டதும் இல்லை. பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே சுத்தியலால் தட்டித் தட்டி மெல்லிசாக்கி, பிறகு தண்ணீரில் தோய்த்து எடுத்தது! நொறுங்குகிற உலோகத்தை நொறுங்காமல் மெலிதாக்குகிற வித்தை அது. அந்தக் கொல்லருக்கு வார்ப்பு என்பது முதல் படி மட்டும்தான், கைத்திறன் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

சிம்பலிலும் இதே கதைதான். "காஸ்ட் சிம்பல்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, 1623ல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய ஜில்ஜியான் உட்பட அந்த வகை சிம்பல் செய்பவர்கள் வார்த்த வட்டைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி உருளைகளுக்கு நடுவே விட்டு உருட்டித்தான் மெல்லிசாக்குகிறார்கள். உருட்டியதைத்தான் "வார்ப்பு" என்ற பெயரில் வாங்குகிறோம்! இன்னொரு பக்கம், 1971ல் வந்த பைஸ்டி 2002 வரிசை, வெள்ளீயம் 8 சதவீதமே உள்ள தகடு வெண்கலம். அதை ஆசையாக வாசித்தவர் லெட் செப்பலின் ஜான் பான்ஹம். அவருடைய ஸ்னேர் என்ன? லட்விக் சூப்ராஃபோனிக், அலுமினியத் தகட்டில் ஒட்டில்லாமல் இழுத்த ஷெல். சிம்பலும் தகடு, ஸ்னேரும் தகடு. பான்ஹம் வாசிப்பில் கனம் போதவில்லை என்று சொல்கிற தைரியசாலி யாராவது இருந்தால் கை தூக்கலாம். அந்த சூப்ராஃபோனிக்கைத்தான் உலகிலேயே அதிகம் ஒலிப்பதிவு ஆன ஸ்னேர் என்று லட்விக் விளம்பரம் செய்கிறது. விளம்பரத்தைப் பாதிதான் நம்ப வேண்டும் என்றாலும், மீதிப் பாதியே போதும்.

"நிர்வானாவின் நெவர்மைண்ட் ஆல்பத்தில் வாசித்தது வார்ப்பு ஸ்னேர் தெரியுமா?"

தெரியும். 1991ல் டேவ் குரோல் அந்த ஒலிப்பதிவில் வாசித்தது டாமா கம்பெனியின் கனத்த மணி உலோக வார்ப்பு ஸ்னேர். அருமையான சத்தம், சந்தேகமே இல்லை. ஆனால் கதையின் அடுத்த வரியை ஏனோ யாரும் சொல்வதில்லை. அது குரோலின் சொந்த டிரம் இல்லை. ஒலிப்பதிவுக்காக வாடகைக்கு எடுத்தது! உலகையே புரட்டிப் போட்ட ஆல்பத்துக்கு வாடகை போதுமாக இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கும் வாசிக்கிற பையன் மட்டும் கடன் வாங்கிச் சொந்தமாக வைத்திருக்க வேண்டுமாம்.

"வார்ப்பு ஆயுசுக்கும் வரும்பா..."

வரும். ஆனால் 1920களில் பித்தளைத் தகட்டில் செய்த லட்விக் பிளாக் பியூட்டி டிரம்களை இன்றைக்கும் வாசிக்கிறார்கள், சேகரிப்பவர்கள் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். தகடு ஷெல் கீழே விழுந்தால் நசுங்கும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். மணி வெண்கலம் மோசமாக விழுந்தால் விரிசல் விடலாம். எதுவானாலும் கீழே போடாமல் வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

கனத்தைப் பற்றி இன்னொரு விஷயம். திருவாரூர் கோயில் பஞ்சமுக வாத்தியம் போன்ற ராட்சச உலோக முழவு கனமாக இருக்கலாம், அதை யாரும் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதில்லை. ராணுவ பேண்டுக்காரர்கள் நடக்க வேண்டும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவம் பித்தளை சைட் டிரம்முக்கு மாறியபோது தகட்டைத்தான் பயன்படுத்தியது. அந்தப் பேண்டு மரபுதான் வெலிங்டன் வரை வந்து சேர்ந்தது. வளைவுக்கு வளைவு ஏறி இறங்குகிற எஸ்டேட் ரோட்டில், நின்றுகொண்டே போகிற பஸ்ஸில், ஸ்டாண்டும் பையுமாக டிரம் தூக்கிப் போகிறவனுக்குக் கூடுதல் மூன்று கிலோ என்றால் என்னவென்று தெரியும். மேடைக்கு வேன் வைத்துக்கொண்டு வருகிறவருக்குத் தெரியாது.

வார்ப்பின் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா? ஒன்று இருக்கிறது. வார்த்த ஷெல்லை லேத்தில் கடைவதால் வட்டம் பிசகாது, தோல் உட்காரும் விளிம்பும் கச்சிதமாக இருக்கும். மலிவான தகடு ஷெல்லில் வட்டம் கோணலாகவோ விளிம்பு மேடு பள்ளமாகவோ இருந்தால் எப்படி முறுக்கினாலும் சுதி நிற்காது. "தகர டப்பா" என்ற பேச்சு பிறந்ததே இப்படிப்பட்ட டிரம்களால்தான். ஆனால் இதுவும் வேலைத் தரத்தின் பிரச்சினை, தகட்டின் பிரச்சினை இல்லை. காசு செலவில்லாமல் இதைக் கண்டுபிடிக்கலாம். தோலைக் கழற்றிவிட்டு, சமமான தடித்த கண்ணாடி மேல் ஷெல்லைக் கவிழ்த்து வைத்து, உள்ளே ஒரு டார்ச்சைப் போடுங்கள். விளிம்புக்குக் கீழே எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்த டிரம் வேண்டாம். (கீழ்ப்பக்க விளிம்பில் ஸ்னேர் கம்பிக்காக எதிரெதிரே இரண்டு இடத்தில் வேண்டுமென்றே பள்ளம் வைத்திருப்பார்கள், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.) நாலு டேப்பை வைத்து நாலு திசையில் விட்டத்தை அளந்து பாருங்கள். இந்தச் சோதனையில் தேறிய தகடு ஷெல்லை மட்டம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

மீதிக் காசை எதில் போடலாம்? முதலில் தோலில். 1957 வாக்கில் ரெமோ பெல்லி, சிக் எவன்ஸ் போன்றவர்கள் மைலார் பிளாஸ்டிக் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பறை அடிப்பவர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது, மேகம் வாசல்படி வரை வருகிற ஊட்டிக் குளிரில் பிளாஸ்டிக் தோலுக்கு அந்தப் பாடு இல்லை. ஆனால் அதுவும் அடி வாங்கி வாங்கிக் குழி விழும். வருஷக்கணக்கில் மாற்றாத தோலை வைத்துக்கொண்டு ஷெல்லைத் திட்டுபவர்கள்தான் ஜாஸ்தி. அடுத்தது ஸ்னேர் கம்பி. வளைந்து போன கம்பி ஒன்று இருந்தாலே போதும், எந்த ஷெல்லும் இரையும். அடுத்தது ஹூப். வசனம் பேசுகிறவர் "காஸ்ட் சவுண்டு" என்று குழம்புவது சில சமயம் டை-காஸ்ட் ஹூப்பின் சத்தத்தைத்தான். தோலை இழுத்துப் பிடிக்கிற அந்த வளையத்தை மாற்றினால் ரிம் ஷாட்டின் குணமே மாறிவிடும், அதற்குப் புது டிரம் வாங்க வேண்டியதில்லை. கடைசியாக டியூனிங். அதற்கு ஒரு சாவியும் பொறுமையும் போதும்.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் பசங்களிடம் எடுபடுவதில்லை? வெப்லென் 1899லேயே எழுதிவிட்டார். சில பொருட்களை அவற்றின் பயனுக்காக வாங்குவதில்லை, அந்த விலையைக் கொடுக்க முடிந்தது என்று காட்டுவதற்காக வாங்குகிறார்கள். வசதியுள்ளவர் அப்படி வாங்கினால் அது அவர் பாடு. பிரச்சினை எங்கே என்றால், அந்த விலையையே இசையின் தகுதிச் சான்றிதழ் போல இல்லாதவன் முகத்தில் நீட்டும்போதுதான். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு சிறு விவசாயிகள் போராடுகிற மாவட்டம் இது. இங்கே ஒரு பையனிடம் "உன் டிரம் தகரம்" என்று சொல்வது டிரம்மைப் பற்றிய கருத்து மட்டும் இல்லை. "உனக்கு இது கட்டுப்படியாகாது, ஒதுங்கு" என்பதன் நாகரிகமான வடிவம். எத்தனை பேர் இப்படி ஒதுங்கியிருப்பார்களோ, யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

வார்ப்பு ஸ்னேர் வாங்க வசதி இருக்கிறது, அதன் கனத்த சத்தம் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், நல்ல பொருள்தான். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் காசு கொடுக்கிறோம், வெண்கலத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். "வார்ப்பு" என்ற வார்த்தைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். அதற்கும் மேலே, பக்கத்தில் இருப்பவனின் தகடு டிரம்மைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு டிரம்முக்கும் ஒரே புதுத் தோல் போட்டு, ஒரே சுதிக்கு முறுக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். குன்னூரில் டீயை அப்படித்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் தகடுதான் தகர டப்பா என்று தோன்றினால், சொல்லிக்கொள்ளுங்கள்.